பெரிய கேம் எந்த ஆர்பிஎம்மில் இறங்க வேண்டும்?

உங்கள் 1.6 லிட்டர் இன்ஜினில் வால்வு மாற்றம், அதாவது வால்வுகளைத் திறக்கும் வேலை சிறிய கேமிலிருந்து பெரிய கேமுக்கு மாறுவது, 5500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5500 சுற்று) நடக்கிறது. அதை 4500க்கு இறக்கினால் சக்தி கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இறக்கலாமா, இறக்கினால் எந்த எண்ணில் நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஓர் எண்ணைக் கேட்கும் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: மாற்றத்தை முன்னால் கொண்டுவந்தால் இன்ஜினுக்குச் சக்தி எங்கிருந்து கூடும்? அதற்கு விடை தெரிந்துவிட்டால் உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். இருபது ஆண்டுகளாக, இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோ கருவியின் உருளைகள் மேல் கார்களை நிறுத்தி, இன்ஜின் கணினியின் அட்டவணைகளைத் திருத்துவதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இன்ஜினை அளக்காமல் எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். அந்தப் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜினை நான் இன்னும் அளக்கவில்லை.

நீங்கள் விவரித்திருப்பது ஹோண்டாவின் விடெக் போன்ற இரட்டைக் கேம் ஏற்பாடு. 1989இல் இன்டெக்ரா காரில் வந்த பி16ஏ இன்ஜின் இதற்குப் பெயர் வாங்கித் தந்தது. 1.6 லிட்டரில், டர்போ இல்லாமல், 7600 ஆர்பிஎம்மில் 160 குதிரைத்திறன். லிட்டருக்கு நூறு என்பது அன்றைய சாலைக் கார்களில் அரிதான கணக்கு. ஒரு சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வுகளுக்கும் (காற்று நுழையும் வால்வுகள்) சேர்த்து, சுழலும் கேம்ஷாஃப்ட்டில் மூன்று கேம்கள், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் மேடுகள், இருக்கும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் சிறியவை. நடுவில் இருப்பது பெரியது. வால்வை அதிக உயரத்துக்குத் தூக்கி, அதிக நேரம் திறந்து வைப்பது. பி16ஏயில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கமும் இதே அமைப்புதான். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோலுக்கு ராக்கர் ஆர்ம் என்று பெயர். சாதாரண ஓட்டத்தில் நடு ராக்கர் ஆர்ம் யாருக்கும் வேலை செய்யாமல் ஆடிக்கொண்டிருக்கும். மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு திறந்து ஆயில் அழுத்தம் பாய்ந்ததும், உள்ளே இருக்கும் ‘பின்’ என்ற சிறிய பூட்டுத் தண்டு நகர்ந்து மூன்று ராக்கர் ஆர்ம்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதிலிருந்து எல்லா வால்வுகளும் பெரிய கேமின் பேச்சைத்தான் கேட்கும். மிட்சுபிஷியின் ஆரம்பகால மிவெக், நிஸானின் நியோ விவிஎல், டொயோட்டாவின் விவிடிஎல்-ஐ ஆகியவையும் செய்முறையில் சற்று வேறுபட்டாலும் இதே குடும்பம்தான். இனி சின்ன கேம், பெரிய கேம் என்றே எழுதுகிறேன். பெரிய கேம் ‘இறங்குவது’ என்றால் அது வேலையில் சேருவது.

இரண்டு கேம்கள் ஏன் தேவைப்படுகின்றன? காற்றுக்கு எடை உண்டு, அதனால் வேகமெடுத்த காற்று உடனே நிற்காது. 3000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 10 மில்லி விநாடி ஆகும். 7500இல் வெறும் 4. அந்த 4 மில்லி விநாடிக்குள் சிலிண்டர் நிரம்பி முடிவதில்லை. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் குழாயில் காற்று விரைந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. வால்வு இன்னும் கொஞ்சம் திறந்திருந்தால் அந்த வேகமே காற்றை உள்ளே திணிக்கும். பெரிய கேம் செய்வது அதைத்தான். 3000 ஆர்பிஎம்மில் அதே தாமதம் எதிராக வேலை செய்யும். குழாயில் காற்றுக்கு அந்த உந்துதல் இல்லை. மேலே வரும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் இடைவெளியும் பெரிய கேமில் அதிகம். உயர்ந்த வேகத்தில் வெளியேறும் புகையின் இழுப்பு புதுக் காற்றையும் கூடவே இழுத்து வருகிறது. குறைந்த வேகத்தில் எரிந்த புகை இன்டேக் பக்கம் பின்வாங்கி, புதுக் காற்றுக்கு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பெரிய கேம் எல்லா வேகத்திலும் சிறந்தது என்ற எண்ணம் தவறு. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அது இன்ஜினை மூச்சுத் திணற வைக்கும்.

இங்கேதான் பதிலின் மையம் இருக்கிறது. சின்ன கேமில் மட்டும் இன்ஜினை ஓட்டி ஒரு முறுக்குவிசைக் கோடு வரையுங்கள். பெரிய கேமில் மட்டும் ஓட்டி இன்னொரு கோடு வரையுங்கள். சின்ன கேமின் கோடு கீழ் வேகத்தில் உயர்ந்து நிற்கும், பிறகு தொய்ந்துபோகும். பெரிய கேமின் கோடு தாழ்வாகத் தொடங்கி ஏறும். இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுப்புள்ளிதான் மாற்றம் நடக்க வேண்டிய ஆர்பிஎம். அதற்கு முன்னால் மாற்றினாலும் இழப்பு, பின்னால் மாற்றினாலும் இழப்பு. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை; சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: 5000 ஆர்பிஎம்மில் சின்ன கேம் 140 நியூட்டன் மீட்டரும் பெரிய கேம் 128ம் தருவதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 73.3 கிலோவாட், இரண்டாவது 67. அந்த இன்ஜினில் மாற்றத்தை 4500க்கு இறக்கியவர், 5000ஐக் கடக்கும்போது சுமார் எட்டரைக் குதிரைத்திறனைத் தன் கையாலேயே தூக்கிப் போடுகிறார். அதே இன்ஜினில் கோடுகள் 5300இல் வெட்டிக்கொண்டால், அவர் இழப்பது ஒரு புள்ளியில் மட்டுமல்ல, 4500 முதல் 5300 வரையிலான முழு நீளத்திலும்.

உச்ச சக்தியைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றம் 4500இல் நடந்தாலும் 5500இல் நடந்தாலும் 7600இல் இன்ஜின் பெரிய கேமில்தான் ஓடுகிறது. ஆகவே உங்கள் இன்ஜினின் உச்சக் குதிரைத்திறன் இந்த மாற்றத்தால் ஒன்றுகூட அதிகரிக்காது. மாற்றப்புள்ளியைச் சரியாக வைத்து நீங்கள் பெறக்கூடியது நடுப்பகுதியில் உள்ள ஒரு பள்ளத்தை நிரப்புவது மட்டுமே. பந்தயத் தடத்தில் வளைவிலிருந்து வெளியேறும்போது அந்தப் பள்ளத்துக்குப் பெரிய விலை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உச்ச எண்ணைக் கூட்டிக் காட்டுவதாக யாராவது உறுதி கூறினால், அவர் வேறு எதையோ மாற்றியிருக்கிறார், அல்லது எதையும் அளக்கவில்லை.

அடுத்து, நண்பர்கள் ஏன் அப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. உடம்பு உணர்வதைச் சொல்கிறார்கள். பெரிய கேம் இறங்கியதும் இன்டேக்கின் ஓசை மாறுகிறது, முதுகில் ஒரு தள்ளல் வருகிறது. அந்தத் தள்ளல் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. சின்ன கேம் ஏற்கெனவே தொய்ந்து விழுந்த பிறகு பெரிய கேம் இறங்கினால்தான் அந்தத் தள்ளல் வரும். இறங்கும் முன் நீங்கள் ஒரு குழியில் இருந்தீர்கள் என்பதற்கான அடையாளம் அது. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் சரியாக மாறும் இன்ஜினில் ஓசை மட்டும் மாறும்; முதுகுக்கு ஒன்றும் தெரியாது. ஒருமுறை ஓர் இளைஞர் 4200இல் மாற்றம் வைத்த காரைக் கொண்டுவந்தார். அந்த ஓசை சீக்கிரம் கேட்பதால் கார் வேகமாகப் போகிறது என்று மனதார நம்பியிருந்தார். இரண்டு கோடுகளையும் வரைந்து அருகருகே காட்டினேன். 4200க்கும் 5100க்கும் இடையே பெரிய கேமின் கோடு முழுக்கக் கீழே இருந்தது. வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சொல்வதைக் கோடு மறுக்கும்போது கோட்டைத்தான் ஏற்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லி விளக்க வேண்டிய தேவை வரவில்லை.

அப்படியானால் தயாரிப்பாளர் வைத்த எண் சரியானதா? பெரும்பாலும் அருகில் இருக்கும், துல்லியமாக இருக்காது. அவர்கள் கவனிக்க வேண்டியவை பல: புகை விதிகள், எரிபொருள் செலவு, ஓசை, தேய்ந்த இன்ஜின், மட்டமான ஆயில், கடும் குளிர், கடும் வெயில். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதுகாப்பாக ஓர் எண்ணை வைப்பார்கள். தவிர, இன்ஜின் சூடாகாதபோது, கார் நின்றுகொண்டிருக்கும்போது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது மாற்றம் நடக்காதபடியும் பூட்டி வைப்பார்கள். கை வைக்காத இன்ஜின்களை நான் அளந்தவரை, வெட்டுப்புள்ளி தொழிற்சாலை எண்ணிலிருந்து சில நூறு ஆர்பிஎம்முக்குள்தான் விழுந்திருக்கிறது. ஆயிரம் ஆர்பிஎம் விலகலைக் கண்ட இடங்களில் எல்லாம் கேமோ எக்ஸாஸ்ட்டோ இன்டேக்கோ மாற்றப்பட்டிருந்தது.

அளக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. கணினியில் மாற்றப்புள்ளியை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டு, 2500இலிருந்து 6500 வரை சின்ன கேமில் மட்டும் ஓட்டுங்கள். பிறகு மாற்றப்புள்ளியை 3000க்கு இறக்கி, அங்கிருந்து சிவப்புக் கோடு (இன்ஜினின் வேக எல்லை) வரை பெரிய கேமில் மட்டும் ஓட்டுங்கள். 1:1 விகிதத்துக்கு நெருங்கிய கியரில், ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து, ஒவ்வொரு கேமிலும் குறைந்தது மூன்று ஓட்டங்கள். கூலன்ட், ஆயில், உள்ளே வரும் காற்று ஆகிய மூன்றின் வெப்பநிலையும் எல்லா ஓட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜின் பெட்டிக்குள் சூடேறினால் உள்ளே வரும் காற்றின் அடர்த்தி குறையும். கேமின் வேறுபாடு என்று நீங்கள் நினைப்பது உண்மையில் வெயிலின் வேறுபாடாக இருந்துவிடும். மூன்று ஓட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவில்லை என்றால் அந்தக் கோட்டை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரண்டு கேம்களுக்கும் எரிபொருள் அட்டவணையும் இக்னிஷன் (தீப்பொறி நேர) அட்டவணையும் வேறு வேறு. ஒரே ஆர்பிஎம்மில் இரண்டும் இழுக்கும் காற்றின் அளவு வேறு, உள்ளே மிஞ்சும் புகையின் அளவு வேறு, ஆகவே தேவைப்படும் பெட்ரோலும் தீப்பொறி நேரமும் வேறு. தொழிற்சாலைக் கணினியில் சின்ன கேமின் அட்டவணையில் 6000க்கு மேலே இருக்கும் எண்களை யாரும் அக்கறையாகத் திருத்தியிருக்க மாட்டார்கள். இன்ஜின் அங்கே போவதே இல்லையே. பெரிய கேமின் அட்டவணையில் 4500க்குக் கீழேயும் அதே கதைதான். அந்த எண்களை நம்பி அளந்தால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு கேம்களை அன்று. ஒரு நல்ல அட்டவணையையும் ஒரு மோசமான அட்டவணையையும். தொழிலின் தொடக்க ஆண்டுகளில் இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். சின்ன கேமின் கோடு 4800இலேயே சரிந்து விழுந்ததைப் பார்த்து, மாற்றத்தை அங்கே வைத்து வண்டியை அனுப்பிவிட்டேன். பல மாதங்கள் கழித்து அதே வண்டி வேறு வேலைக்கு வந்தபோது காற்று எரிபொருள் விகிதத்தை அளக்கும் அகலப்பட்டை ஆக்சிஜன் உணரியை மாட்டிப் பார்த்தேன். அந்தப் பகுதியில் சின்ன கேமுக்கு எரிபொருள் அளவுக்கு மீறிக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து மீண்டும் வரைந்தபோது கோடு நிமிர்ந்துகொண்டது, வெட்டுப்புள்ளி 5200க்கு நகர்ந்தது. அன்றிலிருந்து வரிசை எனக்கு மாறாத ஒன்று. முதலில் இரண்டு கேம்களிலும் காற்று எரிபொருள் விகிதத்தைச் சீராக்குவது. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் முழு மிதிப்பில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 பங்கு காற்று என்பது பொதுவாக நல்ல இடம். அடுத்து நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) வராத எல்லைக்குள், முறுக்குவிசை மேலும் கூடாமல் நிற்கும் இடம் வரை இக்னிஷனை முன்னே கொண்டுபோவது. மாற்றப்புள்ளியைத் தொடுவது கடைசி வேலை.

வெட்டுப்புள்ளி கிடைத்த பிறகும் அந்த எண்ணை அப்படியே கணினியில் எழுதிவிட முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண்ணை வைத்தால், அந்த வேகத்தில் நீங்கள் ஓட்டும்போது பின் உள்ளே வெளியே என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஏற்றத்தில் 5200 என்றால் இறக்கத்தில் 5000 என்பதுபோல ஓர் இடைவெளி வேண்டும்; 150 முதல் 200 ஆர்பிஎம் வரை நான் வைப்பதுண்டு. அடுத்தது தாமதம். கட்டளை போனதும் பின் உடனே பூட்டிவிடாது. சொலினாய்டு திறந்து, ஆயில் பாய்ந்து, ராக்கர் ஆர்ம்கள் கேமின் வட்டப் பகுதியில் ஒரே மட்டத்துக்கு வரும்போதுதான் பின் நுழைய முடியும். முதல் கியரில் இன்ஜின் விநாடிக்கு 3000 ஆர்பிஎம் ஏறுகிறது, தாமதம் பத்தில் ஒரு விநாடி என்று வைத்தால், கட்டளைக்கும் உண்மையான மாற்றத்துக்கும் இடையே 300 ஆர்பிஎம் ஓடிவிடும். உயர்ந்த கியரில் மெதுவாக ஏறும்போது அந்த வேறுபாடு சில பத்துகளாகச் சுருங்கிவிடும். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் கியர்களை மனதில் வைத்து 100 ஆர்பிஎம் அளவுக்கு முன்தள்ளி வைப்பது நியாயமானது. அதற்கு மேல் தள்ளுவதற்கு என்னிடம் காரணம் இல்லை.

ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பின்னை நகர்த்துவது ஆயில் அழுத்தம் மட்டுமே. ஆயில் பம்ப் கிராங்கோடு சுழல்வதால் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தமும் குறைவு. ஆயில் நன்றாகச் சூடாகி இளகியபோது இன்னும் குறைவு. அழுத்தம் போதாமல் பின் பாதி நுழைந்த நிலையில் சுமை ஏறினால் பின்னின் விளிம்பும் ராக்கர் ஆர்மின் துளையும் தேயும். அந்தச் சேதம் மெதுவாக, சத்தமில்லாமல் வளர்ந்து ஒருநாள் மாற்றமே நடக்காமல் போகும். 3000இல் மாற்றி அளக்கச் சொன்னேன் அல்லவா, அதுகூட, ஆயில் அழுத்தம் வந்துவிட்டதைக் கணினிக்குச் சொல்லும் அழுத்த சுவிட்ச்சின் சைகை திரையில் உறுதியான பிறகுதான். வேலையைத் தொடங்கும் முன் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். சொலினாய்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டோடு ஒரு மெல்லிய வலை இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். பழைய இன்ஜின்களில் அது கரியால் அடைபட்டிருப்பதை நான் கண்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. மாற்றம் தாமதமாக நடக்கிறது என்று வந்த பல கார்களுக்கு டியூனிங்கே தேவைப்படவில்லை. ஒரு புது வலையும் சரியான தடிமனுள்ள ஆயிலும் போதுமாக இருந்தன.

கியர் மாற்றும்போது ஆர்பிஎம் எங்கே விழுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். இரண்டாம் கியர் விகிதம் 2.1, மூன்றாம் கியர் 1.46 என்று வைத்துக்கொண்டால், 8000இல் மாற்றும்போது ஊசி சுமார் 5560க்கு வந்து நிற்கும். உங்கள் மாற்றப்புள்ளி 5500க்குக் கீழே இருந்தால் முழு வேகத்தில் ஓட்டும்போது அந்தக் கியர் மாற்றத்தில் இன்ஜின் பெரிய கேமை விட்டு வெளியே வருவதே இல்லை. அப்படிப்பட்ட காரில் மாற்றப்புள்ளியை 5500இலிருந்து 5200க்கு இறக்கினாலும் நேர்கோட்டு ஓட்டத்தின் நேரம் பெரும்பாலும் முதல் கியரில்தான் அசையும். வளைவுகளும் மெதுவான இடங்களும் உள்ள ஓட்டத்தில்தான் மெய்யான பயன். கியரை முன்கூட்டியே, 7000இல் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கோ ஊசி 4870க்கு விழும். அவருக்கு அந்த நடுப்பகுதி ஒவ்வொரு கியரிலும் கணக்காகும்.

இன்ஜினில் வேறு பாகங்களை மாற்றினால் வெட்டுப்புள்ளியும் நகரும். தடையில்லாத எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் நல்ல இன்டேக்கும் போட்டால் பெரிய கேமின் கோடு நடுப்பகுதியிலும் உயர்ந்து, வெட்டுப்புள்ளி கீழே வருவதை அதிகம் பார்த்திருக்கிறேன். குழாய்களின் நீளம் மாறும்போது எதிர்த்திசையில் போனதும் உண்டு. தொழிற்சாலைக் கேமைவிட நீண்ட நேரம் திறக்கும் பந்தயக் கேம் போட்டால் வெட்டுப்புள்ளி மேலே ஏறும். டர்போ போட்ட இன்ஜினில் பொது விதி சொல்ல மாட்டேன். எக்ஸாஸ்ட் பக்க அழுத்தம் இன்டேக் பக்க அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால், இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் நேரத்தில் புகை பின்னோக்கி வரும், பெரிய கேம் பின்தங்கும். எக்ஸாஸ்ட் அழுத்தம் குறைவாக இருந்தால் அதே கேம் வெகு கீழேயே வென்றுவிடும். எந்த டர்போ என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. சில இன்ஜின்களில் இன்டேக் குழாயின் நீளமும் ஓரிடத்தில் மாறும், இன்டெக்ராவின் 1.8 லிட்டர் பி18சி இன்ஜினில் வால்வு மாற்றம் சுமார் 4400இலும் குழாய் மாற்றம் சுமார் 5750இலும் தனித்தனியே நடக்கும். அங்கே ஒன்றை நகர்த்தினால் மற்றதையும் அளக்க வேண்டும். நிஸானின் எஸ்ஆர்20விஇ இன்ஜினில் இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனிச் சொலினாய்டு இருப்பதால் தேட வேண்டிய புள்ளிகளே இரண்டு.

கேமைத் தொடர்ச்சியாகத் திருப்பும் வகையைச் சேர்ந்த இன்ஜின்களுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. டொயோட்டாவின் விவிடி-ஐயும் பிஎம்டபிள்யூவின் இரட்டை வேனோஸும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் இறங்குவதில்லை. வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பக் கேமின் கோணத்தைக் கணினி நகர்த்திக்கொண்டே இருக்கிறது. அங்கே கேமை 0, 10, 20, 30, 40 பாகை என ஒவ்வொரு கோணத்திலும் நிறுத்தி முழு ஓட்டம் எடுத்து, கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் உயர்ந்து நிற்கும் கோணத்தை அட்டவணையில் எழுத வேண்டும். இன்டேக் கேமைப் பொதுவாக நடுப்பகுதியில் அதிகமாக முன்னே திருப்புவதும், உயர்ந்த வேகத்தில் குறைவாகத் திருப்புவதும் வெல்லும். 2001இல் வந்த கே20ஏ போல இரண்டு வழிகளும் சேர்ந்த இன்ஜின்களில் ஒவ்வொரு கேமுக்கும் நல்ல கோணத்தை முதலில் கண்டுபிடித்த பிறகே வெட்டுப்புள்ளியைத் தேட வேண்டும். சரியான கோணம் கிடைத்த பெரிய கேம் நடுப்பகுதியிலும் பலம் காட்டும் என்பதால் அங்கே வெட்டுப்புள்ளி கீழே இறங்குவது வழக்கம். ஒரு கடுமையான எச்சரிக்கை: உயரமான பந்தயக் கேம் போட்ட இன்ஜினில் இன்டேக் கேமை முழுக் கோணத்துக்கு முன்னே திருப்பினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். களிமண் வைத்து இடைவெளியை அளக்காமல் அந்த எல்லையைத் திறக்காதீர்கள்.

விடெக் என்ற பெயர் இருப்பதாலேயே எல்லாம் சக்திக்கானது என்றும் எண்ண வேண்டாம். 2006 சிவிக் காரின் ஆர்18ஏ இன்ஜினில் உள்ள மாற்றம், லேசான சுமையில் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடி எரிபொருளை மிச்சப்படுத்துவதற்கானது. கே20ஏ3 இன்ஜினில் குறைந்த வேகத்தில் ஒரு இன்டேக் வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். சுமார் 2200இல் இரண்டும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும். இவற்றில் மாற்றப்புள்ளியை நகர்த்திக் குதிரைத்திறனைத் தேடுவது வீண் உழைப்பு. உங்கள் இன்ஜின் 5500இல் மாறுகிறது என்பதால் இந்த வகையாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படும்.

சொலினாய்டுக்குத் தனியாக ஓர் ஆர்பிஎம் சுவிட்ச் மாட்டி மாற்றத்தை இறக்கும் மலிவான வழியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அந்தச் சுவிட்ச் பெட்டி பெரிய கேமை இறக்கிவிடும். கணினியோ சின்ன கேமில்தான் ஓடுகிறோம் என்று நம்பி, அதற்குரிய எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும் தந்துகொண்டிருக்கும். கலவையும் தீப்பொறி நேரமும் பொருந்தாமல் போய் நாக்கிங் தொடங்கினால் அதைக் கேட்டு எச்சரிக்க அந்தப் பெட்டிக்குக் காது கிடையாது. சொலினாய்டும் அழுத்த சுவிட்ச்சும் சொல்வது பொருந்தாமல் போனால் ஹோண்டாவின் பழைய கணினிகள் 21, 22 என்ற பிழைக் குறிகளைக் காட்டும். அந்த விளக்கை அணைக்கச் சுவிட்ச்சையே ஏமாற்றியவர்களின் இன்ஜின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன், பிஸ்டனின் விளிம்பு உருகியிருந்தது. இரண்டு கேம்களின் அட்டவணைகளையும் திருத்தக்கூடிய கணினி கையில் இல்லை என்றால் தொழிற்சாலை எண்ணைத் தொடாமல் விடுங்கள்.

டைனோ கிடைக்காவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. பொதுச் சாலையில் அல்ல, மூடிய தடத்தில். ஆர்பிஎம்மையும் நேரத்தையும் விநாடிக்குப் பல தடவை பதிவு செய்யும் கருவியோடு, மூன்றாம் கியரில், சமதளத்தில், 4000இலிருந்து 6500 வரை முழு மிதிப்பில் போங்கள். காற்றையும் சரிவையும் சமன் செய்ய எதிர்த்திசையிலும் அதே ஓட்டம். சின்ன கேமில் மட்டும், பெரிய கேமில் மட்டும். ஒவ்வொரு 100 ஆர்பிஎம்மையும் ஏற எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி ஒப்பிட்டால், எந்த ஆர்பிஎம்மில் பெரிய கேம் வேகமாகத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். குதிரைத்திறனின் எண்ணை இது தராது. வெட்டுப்புள்ளியைத் தரும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். துல்லியம் டைனோவைவிடக் குறைவு. 200 ஆர்பிஎம்முக்கு உள்ளே நெருங்கினால் நல்ல பதிவு என்பேன்.

உங்கள் இன்ஜினில் பாகங்கள் எதுவும் மாற்றப்படவில்லை என்றால், 4500 என்பது மிகவும் கீழே என்பதே என் கணிப்பு. 5000க்கும் 5500க்கும் இடையில் எங்கோ வெட்டுப்புள்ளி விழும் என்று எதிர்பார்க்கிறேன். இது கணிப்பு மட்டுமே. வலையைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, இரண்டு கேம்களுக்கும் எரிபொருளைச் சீராக்கி, இரண்டு கோடுகளையும் வரைந்து இங்கேயே போடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் காற்று வெப்பநிலையையும் காற்று எரிபொருள் விகிதத்தையும் கூடவே எழுதுங்கள். அவை இல்லாமல் கோடுகளை மட்டும் அனுப்பினால் என்னால் படிக்க முடியாது.